வீட்டு நாயும் ஆறுதல் பணியும்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நமது முதியோர் இல்லத்துப் பெரியவர்களைக் காண, வீட்டில் வளர்க்கும் நாய்களை அழைத்து வரலாமா என்று இளைஞர் அணியினர் நிர்வாகக் குழுவிடம் கேட்டிருக்கிறார்கள். விடை கூறும் பொறுப்பைக் குழுவினர் என்னிடம் ஒப்படைத்துவிட்டனர். என் விடையை முதலிலேயே கூறிவிடுகிறேன். அழைத்து வரலாம், ஆனால் எல்லா நாய்களையும் அழைத்து வரக் கூடாது. தகுதியுள்ள நாயையும் பயிற்சி முடியும் முன்னர் அழைத்து வரக் கூடாது. இப்பணியில் ஈடுபட ஒரு நாய்க்கு விருப்பம் உண்டா இல்லையா என்பதை அந்த நாயிடமே கேட்டறிய வேண்டும். எப்படிக் கேட்பது என்பதுதான் இன்று நான் பேச வந்த பொருள்.

சொற்குழப்பம் ஒன்று உண்டு. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய் ஒரே ஒருவருக்கு உரியது. அவருடைய அன்றாட வாழ்வுக்காகவே பழக்கப்பட்டது. அமெரிக்கா போன்ற நாடுகளில் அதைக் கடை, உணவகம், பேருந்து என எங்கும் அழைத்துச் செல்லச் சட்டம் உரிமை தருகிறது. ஆங்கிலத்தில் 'தெரபி டாக்' என்று வழங்கப்படும் நாய் அத்தகையதன்று. அது ஒரு குடும்பத்தின் செல்ல நாய். தன்னை வளர்ப்பவருடன் மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ முதியோர் இல்லத்துக்கோ சென்று, அங்குள்ளோரோடு சிறிது நேரம் இருந்துவிட்டு வீடு திரும்பும். அதற்குத் தனியுரிமை எதுவும் கிடையாது. அந்த இடத்தார் இசைந்தால்தான் வாயிலைக் கடக்கலாம். 'சிகிச்சை நாய்' என்று இதனை எழுதுவோர் உளர். நாய் நோயைத் தீர்ப்பதில்லை என்பதால் 'ஆறுதல் நாய்' என்றே நான் சொல்வேன்.

இதன் தொடக்கம் போர்க்களத்தில் நிகழ்ந்தது. 1944ஆம் ஆண்டு நியூகினித் தீவின் காட்டில், கைவிடப்பட்ட பதுங்குகுழி ஒன்றில் ஒரு யார்க்‌ஷயர் டெரியர் நாய் அகப்பட்டது. எடை 2 கிலோவுக்கும் குறைவு. அதை விலைக்கு வாங்கி வளர்த்த அமெரிக்கப் படைவீரர் பில் வின், அதற்கு ஸ்மோக்கி என்று பெயரிட்டார். அவர் டெங்குக் காய்ச்சலால் மருத்துவமனையில் கிடந்தபோது, நண்பர்கள் நாயை அவரிடம் கொண்டுவந்தனர். காயமுற்ற பிற வீரர்களின் கட்டில்களுக்கும் செவிலியர் அதை எடுத்துச் செல்லத் தொடங்கினர். யாரும் திட்டமிட்டுச் செய்ததன்று.

நியூயார்க்கில் போரிஸ் லெவின்சன் என்னும் குழந்தை உளவியலாளர், எவரிடமும் பேசாதிருந்த சிறுவன் ஒருவன் தம் நாய் ஜிங்கிள்ஸோடு இயல்பாகப் பழகியதைக் கண்டார். இதை அவர் அறிஞர் அவையில் எடுத்துரைத்தபோது நகைத்தவர்களும் உண்டு. 1976இல் எலைன் ஸ்மித் என்னும் செவிலியர் நியூ ஜெர்சியில் இதற்கென ஓர் அமைப்பை நிறுவினார். ஆசியாவில் 1991ஆம் ஆண்டு ஜில் ராபின்சன் ஹாங்காங்கில் 'டாக்டர் டாக்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். நமது சென்னையிலும் புளூ கிராஸ் அமைப்பு அத்திட்டத்தில் இணைந்து, சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகளிடம் நாய்களை அழைத்துச் சென்றது. ஆகவே இது நம் ஊருக்குப் புதியதன்று.

பயன் உண்டா என்று மூத்தோர் வினவுவர். தென்னாப்பிரிக்காவில் ஓடண்டால், மெய்ன்ஜெஸ் ஆகிய இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைக் கூறுகிறேன். மனிதர் நாயைத் தடவிக் கொஞ்சும்போது, பாசத்தோடு தொடர்புடைய ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு இருவர் உடலிலும் உயர்ந்தது. இருவரது இரத்த அழுத்தமும் தணிந்தது. பலரும் இத்துடன் நிறுத்திக்கொள்வர். அதே ஆய்வில் வேறொன்றும் இருக்கிறது. மன இறுக்கத்தின்போது மிகும் கார்டிசோல் என்னும் சுரப்பு மனிதரிடம் தெளிவாகக் குறைந்தது. நாய்களிடம் அவ்வாறு குறையவில்லை. மடியில் நாயை வைத்திருப்பவர் அமைதியுற்றார் என்பதனால் மட்டும் நாயும் அமைதியுற்றது என்று கொள்ள இடமில்லை. என் கவலை முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

பணிக்கு உகந்த நாய் எது? இனத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் என்றதும் மகிழ்கிறோம். அவற்றிலும் அந்நியரை வெறுப்பவை உண்டு. தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய்களில் பெரும் பொறுமைசாலிகளை நான் கண்டிருக்கிறேன். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நம் இனங்கள் காவலுக்கும் வேட்டைக்கும் வளர்க்கப்பட்டவை; தன் குடும்பத்தாரோடு ஒன்றும் அளவுக்குப் பிறரோடு அவை ஒன்றுவது அரிது. அதை அவற்றின் குறை என்று கூறுவது முறையன்று. நாம் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: முன்பின் அறியாத ஒருவர் வந்து அமர்ந்தால், நாய் தானாக எழுந்து அவரிடம் செல்கிறதா? பொறுத்துக்கொள்ளும் நாய் வேறு, விரும்பி நாடும் நாய் வேறு. பொறுத்துக்கொள்ளும் நாயை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

வயது ஒன்றாவது நிறைந்திருக்க வேண்டும். ஆயினும் அடித்தளம் குட்டிப் பருவத்தில் அமைகிறது. பிறந்த 3ஆம் வாரம் முதல் ஏறத்தாழ 14ஆம் வாரம் வரை குட்டியின் மனம் புதியவற்றை அச்சமின்றி ஏற்கும். அக்காலத்தில் பலவகை மனிதர்களையும் ஒலிகளையும் இனிமையான முறையில் அறிமுகம் செய்வித்த நாய், பிற்காலத்தில் எளிதில் மிரளாது.

அடுத்தது அடிப்படைப் பயிற்சி. அமெரிக்கன் கென்னல் கிளப் 1989இல் வகுத்த 'நற்குடி நாய்' என்ற தேர்வில் 10 பகுதிகள் உள்ளன. அந்நியரை அமைதியாக ஏற்றல், அமர்ந்தபடி தடவக் கொடுத்தல், கயிறு இறுகாமல் உடன் நடத்தல், கூட்டத்தினூடே செல்லல், சொன்ன இடத்தில் இருத்தல், அழைத்தால் வருதல், வேறு நாயைக் கண்டு பதறாமை முதலியவை அவற்றுள் அடங்கும். வளர்ப்பவர் 3 நிமிடம் கண்ணுக்கு மறைவாகச் சென்றாலும் கலங்காதிருத்தலும் ஒரு தேர்வு. இவற்றை நம் வீட்டு மாடியிலும் தெருவிலும் பழக்கலாம். ஒரு நாளைக்கு 5 நிமிடம் வீதம் இரண்டு மூன்று முறை போதும். நீண்ட நேரம் வதைத்தால் நாய் எதையும் கற்காது.

எவ்வாறு பழக்குவது? கழுத்தை இறுக்கும் சங்கிலி, அடி, அதட்டல் ஆகியவற்றைக் கொண்டு பழக்குவோர் இன்றும் உளர். அகிம்சையைப் பற்றி இந்த அவைக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கால்நடை மருத்துவன் என்ற முறையில் ஒன்று மட்டும் கூறுவேன். அடிக்கு அஞ்சிய நாய் உறுமுவதை நிறுத்திவிடும். உறுமல் என்பது எச்சரிக்கை. எச்சரிக்கையை நாம் அடித்து அடக்கிவிட்டால், அச்சம் உள்ளேயே தங்கி, ஒரு நாள் முன்னறிவிப்பின்றிக் கடியாக வெளிப்படும். ஒரு பாட்டியின் கை அந்நேரத்தில் அதன் முகத்தருகே இருக்கலாம். எனவே நல்லது செய்த அந்த நொடியிலேயே ஒரு துண்டு பனீரோ வேகவைத்த கேரட்டோ கொடுத்துப் பழக்குங்கள். பிழை செய்தால் எதுவும் தராமல் மீண்டும் எளிய நிலையிலிருந்து தொடங்குங்கள்.

அதன்பின் இல்லத்துக்குரிய பயிற்சி. சக்கர நாற்காலி உருளும் ஒலி, வாக்கர் தரையில் தட்டும் ஒலி, இருமல், திடீர் அழுகை, எவர்சில்வர் தட்டு கீழே விழும் ஓசை ஆகிய ஒவ்வொன்றையும் முதலில் தொலைவிலிருந்து, பிறகு அருகிலிருந்து பழக்க வேண்டும். வழுவழுப்பான கற்றரையில் நடக்கவும் மின்தூக்கியில் நிற்கவும் நாய் அறிந்திருக்க வேண்டும். நடுங்கும் கை தலையைத் தட்டினாலும், விரல்கள் உரோமத்தைப் பற்றிக்கொண்டு விடாவிட்டாலும் திகைக்கலாகாது. வீட்டார் மென்மையாகப் பற்றி, உடனே தின்பண்டம் கொடுத்து இதைப் படிப்படியாகப் பழக்கலாம். யார்மீதும் தாவக் கூடாது. முதியவரின் தோல் காகிதம் போன்றது, ஒரு நகக்கீறலே பெரும்புண் ஆகிவிடும். எல்லாவற்றினும் முதன்மையானது 'விடு' என்ற சொல். கட்டிலடியில் சிந்திக் கிடக்கும் மாத்திரையை நாய் நக்கும் முன் அச்சொல் அதன் காதில் விழுந்து, அது தலையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இது உறுதியாகாத நாயை உள்ளே விடுவதற்கு நான் இசைய மாட்டேன்.

இதுவரை கூறியது நாய்க்கான பயிற்சி. வளர்ப்பவருக்கான பயிற்சி இதைவிடக் கடினம். நாயின் மொழியை நீங்கள் கற்க வேண்டும். உறக்கம் வராத வேளையில் கொட்டாவி விடுதல், உணவு இல்லாதபோது நாக்கால் மூக்கை நக்குதல், முகத்தை அப்பால் திருப்புதல், கண்ணின் வெண்பகுதி பிறைபோல் தெரிதல், வால் தாழ்தல், வெப்பம் இல்லாதபோதும் இளைத்தல், நனையாமலே உடலை உதறுதல் ஆகியவை எல்லாம் 'எனக்குப் போதும்' என்னும் சொற்கள். அசையாமல் நிற்கும் நாயைக் கண்டு 'எவ்வளவு சாது' என்று மகிழ்கிறோம். உடல் விறைத்து, வாய் இறுக மூடி நிற்குமானால் அது சாதுத்தன்மை ஆகாது. தப்ப வழியின்றி உறைந்து நிற்றல்.

என்னிடம் வந்த ஒரு குடும்பத்தினரின் லாப்ரடார் எல்லாத் தேர்வுகளிலும் தேறியது. பள்ளி ஒன்றுக்கு அழைத்துச் சென்றார்கள், குழந்தைகள் சூழ்ந்து கட்டிக்கொண்டனர், நாய் அசையவே இல்லை, எல்லோரும் பாராட்டினர். நான்காம் முறை அது காரில் ஏற மறுத்தது. வீட்டில் பையன் கயிற்றை எடுத்தால் கட்டிலடியில் ஒளிந்தது. அந்தச் சிறுவனுக்கு 12 வயது இருக்கும். "டாக்டர் மாமா, அதுக்குப் பிடிக்கல போல" என்று அவனே என்னிடம் சொன்னான். அவன் தந்தையாருக்கோ, தொடங்கிய நற்பணியை நிறுத்த மனமில்லை. பையன் சொன்னதே சரி என்றேன். அந்த நாய் இன்று வீட்டுத் திண்ணையில் நலமாக இருக்கிறது.

புண்ணியம் தேட விழைபவர் நாம். அதற்கான உழைப்பை வாயில்லா உயிரின் தலையில் ஏற்றிவிடக் கூடாது. எளிய சோதனை ஒன்று உண்டு. ஒருவர் நாயை 3 நொடிகள் தடவிவிட்டுக் கையை எடுத்துக்கொள்ளட்டும். நாய் தானாக நெருங்கி வந்தால் தொடரலாம். நின்ற இடத்திலேயே நின்றாலோ விலகினாலோ முடித்துக்கொள்ள வேண்டும். இல்லத்தில் ஒவ்வொருவரிடமும் இதைச் செய்யலாம். பெரியவர்களுக்கும் இது ஓர் இனிய விளையாட்டாகிவிடும்.

உடல்நலம் பற்றிச் சுருக்கமாகக் கூறுகிறேன். வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் தவறாமல் போட்டிருக்க வேண்டும். எலிக்காய்ச்சலுக்கான ஊசியும் தேவை. குடற்புழு நீக்கமும் உண்ணி ஒழிப்பும் இன்றியமையாதவை. வருவதற்கு முந்திய 24 மணி நேரத்துக்குள் குளிப்பாட்டி, நகம் வெட்டியிருக்க வேண்டும். நாயைத் தொடும் முன்னும் பின்னும் பெரியவர்கள் கை கழுவ வேண்டும். ஆறாத புண் உள்ளவரிடமும் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவரிடமும் நாயை அணுகவிடலாகாது. நாய் என்றாலே அஞ்சுவோர், பூசைக்கு அமர்ந்திருப்போர் ஆகியோரின் அறைகளைத் தவிர்த்தல் மரியாதை.

உணவு குறித்துப் பலர் கேட்கின்றனர். நம் வீடுகளில் நாய்க்கும் சைவ உணவே வழங்குகிறோம். வெறும் தயிர்ச்சோறு போதாது. பருப்பு, பனீர், காய்கறி, தேவையான சத்துச் சேர்க்கைகள் ஆகியவற்றை மருத்துவர் அளவிட்டுத் தந்தால் நாய் நலமாக வாழும். இப்பணியில் ஒரு வசதியும் உண்டு: பச்சை இறைச்சி உண்ணும் நாய்களை வெளிநாட்டு அமைப்புகள் சில நோய்க்கிருமி அச்சத்தால் ஏற்பதில்லை. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. அவை நுழையாத சமையலறைகள் இங்கே பல உள்ளன. ஆனால் பிரசாதத்தில் உள்ள உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அன்பின் மிகுதியால் எந்தத் தாத்தாவும் கொடுத்துவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நடைமுறை. பெட் பார்ட்னர்ஸ் என்னும் அமெரிக்க அமைப்பு ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் நாயைப் பணியில் இருத்துவதில்லை. நம் வெயிலுக்கும் புதிதாகத் தொடங்கும் நாய்களுக்கும் 20 நிமிடமே மிகுதி. காலை 8 மணிக்கு முன்போ மாலை 5 மணிக்குப் பின்போ வாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு நாய், அதற்கு ஒருவர். அவர் கண் நாயின்மீதே இருக்க வேண்டும். கைப்பேசியில் படம் எடுப்பதற்கு வேறொருவர் வரட்டும். கயிறு எந்நேரமும் கையில் இருக்க வேண்டும். பட்டாசு வெடிக்கும் நாள்களில் வர வேண்டாம். நாய்க்கு முதுமை வந்து மூட்டு வலிக்கும் காலத்தில் ஓய்வு கொடுத்துவிட வேண்டும்.

இளைஞர் அணியினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாதத்திலிருந்து நான்கு வாரங்கள் நீங்கள் மட்டும், நாய் இல்லாமல், இல்லத்துக்கு வாருங்கள். எந்த அறையில் யார் இருக்கிறார், யாருக்குச் செவி மந்தம், யார் சிறுவயதில் நாய் வளர்த்தவர், யாரை நாய் கடித்திருக்கிறது என்பனவற்றை எல்லாம் அமர்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதற்குள் உங்கள் நாய்களை ஒவ்வொன்றாக என் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தால் நான் பார்த்துக் கூறுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை நேரம் இதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது, கட்டணம் இல்லை.