மதிலுக்கு இந்தப் பக்கம்



‘நம்ம புரசைவாக்கம்’ என்று இந்தக் கூட்டத்துக்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் கங்காதரேசுவரர் கோயிலைச் சொன்னார்கள். தாணா தெருவைச் சொன்னார்கள். ஆடித் தள்ளுபடியில் நெரிபடும் துணிக்கடைகளைச் சொல்லி உங்களைச் சிரிக்கவும் வைத்தார்கள். நான் பேசப்போவது இதே புரசைவாக்கத்தில் 1794இல் தொடங்கிய ஒரு வீட்டைப் பற்றி. ஊர்ப் பெருமைப் பட்டியலில் அதை யாரும் சேர்ப்பதில்லை.

வாலண்டைன் கானலி என்று ஒருவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டர். புத்தி பேதலித்தவர்களை வைத்துக்கொள்ள ஒரு வீடு கட்டித் தருகிறேன் என்று கம்பெனியிடம் கேட்டு, அனுமதி வாங்கி, 16 பேருக்கு இடம் இருக்கிற மாதிரி ஒரு விடுதியை இங்கே நடத்தினார். கம்பெனி அவருக்கு வாடகை கொடுத்தது. நோயாளிக்கு இவ்வளவு என்று தனியாகவும் கொடுத்தது. உள்ளே இருப்பவர் அதிகாரியா, சிப்பாயா என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். அந்தக் காலத்து டாக்டர்களுக்கு இது கைநிறைய வருமானம் தந்த தொழில். கானலி ஊரைவிட்டுப் போனபோது இடம் அடுத்த டாக்டருக்குக் கைமாறியது. பிறகு டால்டன் என்பவர் கைக்குப் போய், ஊர் மக்கள் வாயில் அவர் பெயராலேயே வழங்கியது.

அதே பத்தாண்டில் பாரிஸில் என்ன நடந்துகொண்டிருந்தது? பிசேத்ர் மருத்துவமனையில் மனநோயாளிகளின் சங்கிலியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பாடப் புத்தகங்கள் அந்தப் பெருமையை டாக்டர் பினேலுக்குக் கொடுக்கும். உண்மையில் அவிழ்த்தவர் அங்கே மேற்பார்வையாளராக இருந்த புசின். தோல் பதனிடும் தொழிலாளியாக இருந்தவர், அதே மருத்துவமனைக்கு நோயாளியாக வந்தவர், பிறகு அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர். படுத்திருந்தவனுக்குத்தான் கட்டிலின் வலி தெரியும் போலிருக்கிறது. சரி, நம் கதைக்கு வருவோம்.

கம்பெனிக்கு ஏன் இந்த அக்கறை? சென்னையில் வெயில் உண்டு, சாராயம் உண்டு, வீட்டு ஏக்கம் உண்டு. கப்பல் இறங்கி வந்த சிப்பாய்களில் சிலருக்கு மூளை கலங்கியது. ஆளவந்த இனத்தைச் சேர்ந்த ஒருத்தர் கறுப்பர் நகரத் தெருவில் சட்டையைக் கிழித்துக்கொண்டு திரிந்தால் ஆட்சியின் மானம் என்னாவது? ஆகவே முதலில் கண்ணுக்கு மறைவாக ஒரு மதில். பின்னர் அதுவும் போதாமல், கப்பலேற்றி இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். லண்டனில் ஹாக்னி பகுதியில் பெம்புரோக் ஹவுஸ் என்று ஒரு விடுதி. 1870க்குப் பிறகு ஈலிங்கில் இதற்கென்றே ஒரு காப்பகம். வெள்ளைக்காரருக்குப் போவதற்கு ஒரு கப்பல் இருந்தது. நம் ஆட்கள் இங்கேயே இருந்தார்கள்.

1858இல் ஒரு சட்டம் வந்தது. முந்தின வருடம்தான் சிப்பாய்க் கலகம். கம்பெனி போய் மகாராணி ஆட்சி வந்த வருடம் அது. தெருவில் சுற்றித் திரிகிற மனநோயாளியைப் போலீஸ்காரர் பிடிக்கலாம், மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போடலாம், ஆள் உள்ளே போகலாம். 1912இல் அதை மாற்றி இன்னொரு சட்டம் போட்டார்கள். அதிலும் வாசற்படியில் நிற்பவர் மாஜிஸ்திரேட்தான். இந்த 1912 சட்டம் எத்தனை காலம் உயிரோடு இருந்தது தெரியுமா? 1987இல் புதுச் சட்டம் நிறைவேறி, அது 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வரும்வரை. அதாவது சுதந்திரம் கிடைத்து, மூன்று தலைமுறை ஓட்டுப் போட்ட பிறகும், காய்ச்சல்காரனுக்கு டாக்டர், மனநோய்க்காரனுக்குப் போலீஸ் ஸ்டேஷன் என்பதே நம் ஏற்பாடு. ஒரு குற்றமும் செய்யாத மனநோயாளியைச் சிறையில் வைப்பது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்ததும் அதே 1993இல்தான், ஷீலா பார்சே வழக்கில். அதுவரைக்கும் வைத்திருந்தார்கள் என்று அர்த்தம்.

புரசைவாக்கத்தில் இடம் போதாமல் கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் என்ற பெரிய தோட்டத்தை எடுத்தார்கள். 1871 மே மாதம் 145 நோயாளிகளோடு அங்கே குடிபோனார்கள். அதுதான் இன்றைக்கு நீங்கள் மேடவாக்கம் டேங்க் ரோடு வழியாகப் போகும்போது பார்க்கிற மதில். 1922இல் அதற்கு மனநோய் மருத்துவமனை என்று பெயர் மாறியது. 1978இல் மனநலக் கழகம் ஆனது.

பெயர் மாறுவது சுலபம். 1946இல், நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) கமிட்டியின் அறிக்கை வந்தது. அப்போது இந்தியாவில் 19 மனநோய் மருத்துவமனைகள், ஏறத்தாழ 10,000 படுக்கைகள். அந்தக் கமிட்டிக்காகப் போய்ப் பார்த்து வந்த கர்னல் மூர் டெய்லர், பெரும்பாலானவை குணப்படுத்தக் கட்டியவை மாதிரி இல்லை, அடைத்து வைக்கக் கட்டியவை மாதிரி இருக்கின்றன என்று எழுதினார். 53 வருடம் கழித்து, 1999இல், தேசிய மனித உரிமை ஆணையம் 37 மருத்துவமனைகளைச் சுற்றிவிட்டு ஓர் அறிக்கை போட்டது. நூற்றுக்கு 38 மருத்துவமனைகள் தொடங்கிய காலத்துச் சிறைச்சாலை அமைப்பிலேயே இன்னும் இருக்கின்றன என்றது. எழுதினவர் மாறினார், எழுத்து மாறவில்லை.

இந்த இடத்தில் ஒரு அம்மாவைச் சொல்லாமல் போனால் பாவம். சாரதா மேனன். மனநல மருத்துவம் படித்த முதல் இந்தியப் பெண்மணி. 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கத்துக்குக் கண்காணிப்பாளர். அந்த அம்மா பொறுப்புக்கு வந்தபோது உள்ளே ஆயிரக்கணக்கில் ஆட்கள், டாக்டர்களோ விரல்விட்டு எண்ணுமளவு. குளோர்புரோமசின் என்ற மாத்திரை அதற்குச் சில வருடங்களுக்கு முன்தான் உலகத்துக்குப் புதிதாக வந்திருந்தது. மாத்திரை கொடுத்து ஆளைப் படுக்க வைத்தால் வேலை முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. வெளிநோயாளிப் பிரிவை வளர்த்தார். குணமானவர்கள் கைத்தொழில் பழக ஏற்பாடு செய்தார். குடும்பத்தாரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்காமல் 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். 2021இல் காலமானார். சென்னையில் எத்தனையோ பேருக்குச் சிலை இருக்கிறது. சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

இது வாசகர் வட்டம் என்பதால் ஒரு புத்தகத்தையும் ஞாபகப்படுத்துகிறேன். கோபிகிருஷ்ணனின் ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’. உளவியலும் சமூகப்பணியும் படித்த எழுத்தாளர். தானும் மனத்தோடு மல்லுக்கட்டியவர். 2003இல் மறைந்தார். மதிலுக்கு உள்ளே இருப்பவர்களைத் தமிழில் அந்த அளவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட எழுத்து குறைவு. நாம் என்ன செய்தோம்? ‘இவனைக் கீழ்ப்பாக்கத்துல சேர்க்கணும்’ என்ற வசனத்துக்குத் தியேட்டரில் ஐம்பது வருடமாகச் சிரித்தோம். நானும் சிரித்திருக்கிறேன், நீங்களும் சிரித்திருக்கிறீர்கள்.

தியேட்டரில் அழவும் செய்தோம். 1999 டிசம்பரில் ‘சேது’ வந்தது. புத்தி பேதலித்து மடத்தில் சங்கிலியோடு கிடக்கிற அந்தப் பையனைப் பார்த்துக் கைக்குட்டையை நனைத்தது தமிழ்நாடு. அடுத்த இருபதாவது மாதம், 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை, ஏர்வாடி. கீற்றுக் கொட்டகை. தனியார் நடத்திய காப்பகம். தீ பிடித்தது. ஓடத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். காலில் சங்கிலி. 28 பேர் இறந்தார்கள். சங்கிலி திரையில் இருந்தபோது நமக்குக் கண்ணீர் வந்தது. ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தபோது பத்திரிகையில் வருவதற்கு 28 உயிர் போக வேண்டியிருந்தது.

இதைச் சொன்னதும் சிலர் உடனே, மனநோய் தீரும் என்று நம்பி ஆட்கள் வருகிற ஏர்வாடி தர்காவைக் கைகாட்டுவார்கள். அது வசதியான கோபம். தர்காவுக்கு இந்துவும் போகிறார், கிறிஸ்தவரும் போகிறார். ஏன் போகிறார்கள்? முழுக்க மனநோய்க்கென்றே அரசு நடத்துகிற மருத்துவமனை இந்த மாநிலம் மொத்தத்துக்கும் ஒன்றுதான், அது கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. ராமேசுவரம் பக்கத்துக் கிராமத்தில் ஓர் அம்மா, கத்திக் கலாட்டா செய்கிற இருபது வயசுப் பையனை 500 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் எப்படிக் கூட்டி வருவாள்? கண்டக்டர் ஏற்றுவாரா? ஏர்வாடி பக்கத்தில் இருக்கிறது. அங்கே யாரும் சீட்டுக் கேட்பதில்லை. கனவில் உத்தரவு வரும்வரை இரு என்கிறார்கள். இருப்பதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைக் காசாக்கினார்கள் சிலர். கானலி செய்த அதே வியாபாரம், கொட்டகைதான் கீற்று.

தீக்குப் பிறகு அரசாங்கம் அந்தக் காப்பகங்களை மூடியது. 500க்கும் மேற்பட்டவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்தினார்கள். அதில் ஒரு பகுதியை எங்கே கொண்டுவந்தார்கள்? கீழ்ப்பாக்கத்துக்கு. சங்கிலியிலிருந்து மதிலுக்கு. வேறு போக்கிடம் அவர்களுக்கு இருக்கவில்லை.

நான் சொல்ல வந்தது இந்தப் போக்கிடத்தைத்தான். கம்பெனி மதில் கட்டியது, போலீஸ் கதவைத் திறந்துவிட்டது, டாக்டர்கள் பூட்டினார்கள் என்று வரலாறு பேசிவிட்டு எழுந்து போகலாம். இன்றைக்கு அந்த மதிலைத் தாங்கிப் பிடிக்கிறவர்கள் வெளியே இருக்கிறோம்.

என் தோழி ஒருவர் ஒரு காப்பகத்தில் சமூகப் பணியாளர். அந்த இடத்தின் பெயர் வேண்டாம். சேர்க்கிறபோது சொந்தக்காரர்கள் எழுதிக் கொடுக்கிற முகவரி எப்படி இருக்கும் தெரியுமா? ஊர்ப் பெயர், கீழே ‘பஸ் ஸ்டாண்டு எதிரில்’. தபால் போட்டால் ‘அப்படி ஆள் இல்லை’ என்று சிவப்பு மையில் திரும்பி வரும். ஒரு அக்காவுக்கு மட்டும் தேடிப் பிடித்து வீட்டைக் கண்டுபிடித்தார்கள். குணமாகி நெடுநாள் ஆனவர், ஐம்பதை நெருங்கும் வயது. புதுப் புடவை கட்டி, தலைவாரிப் பூ வைத்து, பஸ்ஸில் கூட்டிப் போனார் என் தோழி. அண்ணன் நல்ல மனிதர்தான், திண்ணையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். அண்ணி உள்ளே இருந்தபடியே, “ஏம்மா, கூட்டியாறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?” என்றார். ரேஷன் கார்டில் அந்த அக்காவின் பெயரை எப்போதோ எடுத்துவிட்டிருந்தார்கள். வீட்டு மனையில் பாதி விற்றாயிற்று, விற்ற பத்திரத்தில் தங்கச்சி என்று ஒருத்தி கிடையாது. இருக்கிற மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். “பொண்ணு கல்யாணம் முடியட்டும், நானே வந்து அழைச்சுக்கிறேன்” என்று அண்ணன் வாசல்வரை வந்து சொன்னார். சாயங்காலப் பஸ்ஸிலேயே இருவரும் திரும்பினார்கள். வழியில் அந்த அக்கா பேசியது ஒன்றே ஒன்று: “நான் வெச்ச கறிவேப்பிலைச் செடி மரமாயிடுச்சு, பாத்தியா?”

அந்த அண்ணனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ‘அத்தைக்கு அந்த நோய் இருந்ததாமே’ என்று ஒரு வார்த்தை வெளியே போனால் அந்தப் பெண்ணுக்கு வரன் நின்றுபோகும். நிறுத்துகிறவர்கள் யார்? ஜாதகத்தோடு குடும்பப் பின்னணியும் விசாரிக்கிற நாம்தானே.

2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் நல்ல சட்டம். யாரையும் எவ்விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. மயக்க மருந்து இல்லாமல் மின் அதிர்ச்சி கொடுக்கக் கூடாது என்கிறது. குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்றும் 19ஆவது பிரிவில் எழுதியிருக்கிறது. எழுதியது பாராளுமன்றம். வீடு கொடுக்க வேண்டியது யார்?

2022 அக்டோபரில் கீழ்ப்பாக்கத்தில் ஒரு கல்யாணம் நடந்தது. சிகிச்சைக்கு வந்து குணமான ஓர் ஆணும் ஒரு பெண்ணும், வளாகத்துக் கோயிலில், மந்திரி முன்னிலையில் தாலி கட்டிக்கொண்டார்கள். இருநூறு வருடத்துக்கு மேற்பட்ட அந்த இடத்தில் இப்படி ஒன்று நடப்பது அதுதான் முதல் தடவை என்றார்கள். பேப்பரில் போட்டோ பார்த்திருப்பீர்கள். கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொல்ல ஊரே இருந்தது. குணமான மற்றவர்களுக்கு மாடி போர்ஷன் கேட்டு அலைகிறவர்கள் சொல்வது வேறு கதை. பேனியன் அமைப்பு ‘ஹோம் அகெய்ன்’ என்று ஒரு வேலை செய்கிறது. குணமான நான்கைந்து பேருக்குச் சாதாரணத் தெருவில் சாதாரண வீடு பிடித்து, கூட ஒரு பணியாளரை வைத்து, சமைத்துச் சாப்பிட்டுக் குடும்பம் மாதிரி இருக்க வைக்கிறார்கள். இந்த மாதிரி வேலைக்கு வீடு தேடும்போது புரோக்கர் கேட்கிற முதல் கேள்வி அட்வான்ஸ் இல்லை. “வர்றது யாரு?” என்பதுதான்.

உங்களில் எத்தனை பேர் வீட்டுக்காரர்கள் என்று எனக்குத் தெரியும். கெல்லீஸ் பக்கமும் அயனாவரம் பக்கமும் ‘வீடு வாடகைக்கு’ அட்டையைக் கேட்டில் மாட்டி வைத்திருப்பவர்கள் இந்தக் கூடத்திலேயே இருக்கிறீர்கள். சைவமா என்று கேட்பீர்கள், பேச்சுலரா என்று கேட்பீர்கள். கேளுங்கள், உங்கள் வீடு. கூட்டம் முடிந்ததும் செயலாளர் மேசையில் ஒரு நோட்டு இருக்கும். காலி போர்ஷன் உள்ளவர்கள் அதில் பெயரும் போன் நம்பரும் எழுதிவிட்டுப் போங்கள். என் தோழி வெளியே நிற்கிறார், அவரே வந்து பார்ப்பார். வாடகை ஒன்றாம் தேதியே வந்துவிடும்.