மண்வெட்டிக் காம்புக்குத் தீட்டில்லை, அகப்பைக்கு உண்டு

(வாசிப்பு வட்டம் ஒன்றில் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வி வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன் என்பதால் ஏதாவது தடித்த புத்தகத்தோடு வருவேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் கொண்டுவந்திருப்பது ஓர் அகப்பை. கையில் வாங்கிப் பாருங்கள், பார்த்துவிட்டுப் பின்வரிசைக்கும் அனுப்புங்கள். பூவரச மரத்தில் செதுக்கியது. காம்பில் கத்தி சீவிய தடம் இன்னும் தெரியும். குழியின் இடது ஓரம் தேய்ந்திருக்கும். வலது கைக்காரரான என் பாட்டி பல வருடம் சட்டியின் அடியைச் சுரண்டிக் கிண்டிய தேய்மானம் அது. செய்தவர் என் தாத்தா.

தாத்தா ஆசாரி இல்லை. கீழத்தஞ்சையில் பண்ணையாள். ஐப்பசி அடைமழையில் வயலில் வேலை இருக்காது. அந்த நாட்களில் வாய்க்கால் கரைப் பூவரசில் முறிந்து விழுந்த கிளையை எடுத்துவந்து திண்ணையில் உட்கார்ந்து செதுக்குவார். இரண்டே கருவிகள்தான். ஒன்று அரிவாள். இன்னொன்று, உடைந்துபோன கதிர் அரிவாளின் முனையைத் தீயில் காட்டி இன்னும் கொஞ்சம் வளைத்து அவரே பிடி போட்டுக்கொண்ட வளைகத்தி. யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்து, கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டார்.

மண்வெட்டிக் காம்பு, அரிவாள் பிடி, மத்து, அகப்பை என எல்லாம் செய்வார். மண்வெட்டிக் காம்பையும் அரிவாள் பிடியையும் குடியானத் தெருவில் நெல் அளந்து கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். அகப்பையையும் மத்தையும் வாங்க மாட்டார்கள். மரமும் கத்தியும் கையும் ஒன்றுதான். வயலுக்குப் போகும் காம்பில் தீட்டு ஒட்டவில்லை, அடுப்படிக்குப் போகும் அகப்பையில் ஒட்டிக்கொண்டது. எனவே தாத்தாவின் அகப்பைகள் எங்கள் தெருவைத் தாண்டியதே இல்லை.

பாட்டியிடம் ஒருமுறை கேட்டேன்: "கொட்டாங்கச்சியில ரெண்டு ஓட்டை போட்டு மூங்கில் குச்சியைச் செருகினா அகப்பை ஆயிடுமே, தாத்தா ஏன் மரத்தோட மல்லுக்கு நின்னாரு?" பாட்டி சொன்னார்: "கடையில டீயையே கொட்டாங்கச்சியிலதான்டா ஊத்துனானுவ. வீட்டுக்குள்ளயும் அதையே புடிக்கணுமான்னு கேப்பாரு உங்க தாத்தா." இந்த அகப்பையின் கதை இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டுதான் இன்று கல்வியைப் பற்றிப் பேசப்போகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பெருநகரத்தில் மரக்கரண்டி செதுக்கும் பயிலரங்குக்குப் போனேன். ஒரு நாளைக்குக் கட்டணம் 3,500 ரூபாய். உதவித்தொகை வந்த மாதம் என்பதால் துணிந்துவிட்டேன். வந்தவர்களில் பெரும்பாலோர் ஐடி ஊழியர்கள். மேசைமேல் வெளிநாட்டு வளைகத்தியைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. தாத்தாவின் உடைந்த கதிர் அரிவாளேதான், உறை மட்டும் தோலில் இருந்தது.

வேலை நன்றாக இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பச்சை மரத்தை அறுக்கக் கூடாது, பிளக்க வேண்டும். அப்போதுதான் நார் அறுபடாமல் காம்பின் நீளத்துக்கும் ஓடும், கரண்டி உடையாது. கத்தி எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி நாரோடு போக வேண்டும். எதிர்த்துப் போனால் மரம் பிய்த்துக்கொண்டு வரும். குழியை மட்டும் நாருக்குக் குறுக்கே, இரண்டு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கித் தோண்ட வேண்டும். காம்பும் குழியும் சேரும் கழுத்துதான் ஆபத்தான இடம். என் முதல் கரண்டி அங்கேதான் முறிந்தது. இரண்டாவது ஓரளவு கரண்டி மாதிரி வந்தது.

பயிற்றுநர் அதை வாங்கிப் பார்த்து, "இதற்கு முன் பழக்கம் உண்டா?" என்றார். "எனக்கு இல்லை, தாத்தா செய்வார்" என்றேன். "அப்படியா! அப்போ உங்க ரத்தத்திலேயே இருக்கு" என்றார். நல்ல மனிதர்தான், பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் என் முதல் கரண்டி முறிந்ததை அவர் பார்த்திருந்தார். ரத்தம் அன்று என் கட்டைவிரலில்தான் இருந்தது, மூன்று இடத்தில்.

பக்கத்தில் இருந்த மென்பொருள் பொறியாளரின் கரண்டி என்னுடையதைவிட நன்றாக வந்திருந்தது. அவரிடம் ரத்தம் பற்றி யாரும் பேசவில்லை. அவருக்கு அது திறமை, எனக்கு அது பிறப்பு. தோழர்களே, சனாதனம் எப்போதும் திட்டிக்கொண்டே வராது. சில நேரம் முதுகில் தட்டிக்கொடுத்துக்கொண்டும் வரும்.

பிள்ளைகளின் கையில் கத்தியையும் மரத்தையும் கொடுத்துக் கரண்டி செய்யச் சொன்ன நாடு ஒன்று உண்டு. ஸ்வீடன். அங்கே நேஸ் என்ற இடத்தில், ஆகஸ்ட் ஆபிரகாம்சன் என்ற யூத வணிகரின் பண்ணையில், அவருடைய மருமகன், அதாவது சகோதரி மகன், ஓட்டோ சாலமன் 1870களில் ஒரு பள்ளியையும் ஆசிரியர் பயிற்சி நிலையத்தையும் நடத்தினார். அந்தக் கல்விமுறைக்கு ஸ்லாய்ட் என்று பெயர். அதற்கு முன்பே 1866இல் பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸ் கைவேலையை மக்கள் பள்ளிகளின் பாடமாக்கியிருந்தார். அந்த வழியைத்தான் சாலமன் விரிவாக்கினார். பல நாடுகளின் ஆசிரியர்கள் நேசுக்குப் போய்ப் பயின்றார்கள்.

அங்கே பிள்ளைக்குக் கொடுக்கும் முதல் கருவி கத்தி. பூச்செடிக்கு ஊன்றும் குச்சி போன்ற எளிய பொருளில் தொடங்கி, கரண்டி, கோடரிக் காம்பு என்று படிப்படியாகக் கடினமானவற்றுக்குப் போவார்கள். செய்வது வீட்டில் பயன்பட வேண்டும். பிள்ளையின் வேலையை ஆசிரியர் தன் கையால் திருத்தித் தரக் கூடாது. சொல்லிக்கொடுப்பவர் தச்சர் அல்ல, மற்ற பாடங்களை நடத்தும் அதே பள்ளி ஆசிரியர். ஏனென்றால் தச்சர்களை உருவாக்குவது நோக்கமே அல்ல. உடலுழைப்பை மதிக்கவும், தன் காலில் நிற்கவும், கவனத்தோடு செய்யவும் எந்தப் பிள்ளையும் பழக வேண்டும் என்பதே நோக்கம்.

ஸ்வீடனைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கும் வெகுகாலம் ஆண் பிள்ளைக்கு மரம், பெண் பிள்ளைக்குத் தையல் என்றுதான் பிரித்தார்கள். பிறகுதான் இரண்டும் இருவருக்கும் வந்தது. இன்றும் அங்கே பள்ளியில் அது கட்டாயப் பாடம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே ஒரே பிள்ளை கோடரிக் காம்பும் செய்கிறது, கரண்டியும் செய்கிறது. இரண்டும் வீட்டுக்குப் போகின்றன. உன் அப்பா யார் என்று கேட்டு, காம்பை வாங்கிக்கொண்டு கரண்டியைத் திருப்பித் தரும் ஆள் அங்கே இல்லை.

இங்கே 1953இல் என்ன நடந்தது? ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் வந்தது. பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் வகுப்பு. மிச்ச நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். பெரியாரும் திராவிட இயக்கமும் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று சரியாகப் பெயர் வைத்தார்கள், தெருவில் இறங்கினார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் கைவிடப்பட்டது.

மேலோட்டமாகப் பார்த்தால் நேசும் இதுவும் ஒன்று போலத் தெரியும். இரண்டும் கைத்தொழிலைப் போற்றுகின்றன. ஆனால் நேசில் கைவேலை பள்ளிக்குள் வந்தது, இங்கே பிள்ளை பள்ளியிலிருந்து வெளியே போனது. அங்கே எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கத்தி. இங்கே ஒருவனுக்கு உளி, ஒருவனுக்குச் செருப்பு தைக்கும் ஊசி, ஒருவனுக்குச் சவரக்கத்தி, ஒருவனுக்குப் பண்ணை மாடு. சாதி என்பது வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்கியிருக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே 'சாதியை அழித்தொழித்தல்' நூலில் விளக்கிவிட்டார். அந்த அடுக்கைத் தொடாமல் கைத்தொழிலை மட்டும் போற்றினால், போற்றப்படுவது அடுக்குதான்.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. தச்சர், கொல்லர், குயவர், செருப்புத் தைப்பவர், முடிதிருத்துபவர், சலவைத் தொழிலாளர் என்று 18 தொழில்கள். கடனும் பயிற்சியும் கருவியும் கொடுப்பதை நாம் எதிர்க்கவில்லை. குடும்பம் வழிவழியாக அந்தத் தொழிலில் இருக்க வேண்டும் என்பதும், 18 வயதிலேயே சேரலாம் என்பதும்தான் சிக்கல். 18 வயது என்பது கல்லூரிக்குப் போகும் வயது. அந்த நிபந்தனையை நீக்க வேண்டும், வயதை 35 ஆக்க வேண்டும் என்று தமிழ்நாடு முதலமைச்சர் 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். 1953இல் கேட்ட அதே கேள்வியைத்தான் எழுபது வருடம் கழித்தும் கேட்க வேண்டியிருந்தது.

இனி நம் பக்கத்தைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். தாத்தாவின் வளைகத்தியை என் அப்பா என்னைத் தொடவிட்டதே இல்லை. "எழுதுகோலைப் புடி, இதெல்லாம் எங்களோட போகட்டும்" என்பார். குலக்கல்வித் திட்டம் நீடித்திருந்தால் அப்பா பாதி நாள் பண்ணையில் மாடு மேய்த்திருப்பார். முழு நாள் பள்ளிக்கூடம் போனதால்தான் அரசுப் பேருந்தில் நடத்துநரானார். நான் இங்கே நின்று பேசுகிறேன். அவர் தடுத்தது நூற்றுக்கு நூறு சரி. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

ஆனால் ஒரு விளைவை நான் பார்க்கிறேன். நாம் இழிவிலிருந்து தப்பிக்கக் கத்தியைக் கீழே போட்டோம். நாம் போட்ட கத்தியை எடுத்தவர்கள் இன்று அதற்கு 3,500 ரூபாய் கட்டணம் வைக்கிறார்கள். நம் பிள்ளை செய்தால் குலத்தொழில், அவர்கள் செய்தால் கலை. நம் அரசுப் பள்ளிகளிலோ கைவேலை வகுப்பு வந்தால் கணக்கு ஆசிரியர் அதை எடுத்துக்கொள்கிறார். நானே அப்படித்தான் படித்தேன். உடலுழைப்பைக் கீழாகப் பார்க்கும் பார்வை பார்ப்பனியத்தின் சொத்து. அதை நாமும் சுமக்க வேண்டிய தேவை இல்லை.

கைவேலை எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும், யார் பிள்ளைக்கும் அது விதியாகக் கூடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். எனவே கைத்தொழில் கல்வி என்று யார் எந்தத் திட்டத்தோடு வந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒன்று: அப்பன் தொழிலைக் கேட்கிறாயா? இரண்டு: படிப்பு நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு கொடுக்கிறாயா, படிப்போடு சேர்த்துக் கொடுக்கிறாயா? மூன்று: பணக்காரப் பள்ளியில் படிக்கும் உன் பிள்ளையும் இதைச் செய்கிறதா? மூன்றாவது கேள்வியில் பெரும்பாலான திட்டங்கள் கழன்றுவிடும்.

அகப்பை பின்வரிசை வரை போய்த் திரும்பிவிட்டது. எங்கள் தெருவைத் தாண்டாத அகப்பை இன்று இத்தனை கைகளில் இருந்தது. தாத்தா இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்குப் பச்சைப் பூவரசக் கிளையும் நான்கைந்து கத்திகளும் கொண்டுவருகிறேன். விருப்பமுள்ளவர்கள் இருந்து செதுக்கலாம், கட்டணம் கிடையாது. கட்டைவிரலை மட்டும் பத்திரமாக மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். செதுக்கியது நிழலில் மெல்லக் காய வேண்டும், வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். காய்ந்ததும் எண்ணெய் தடவி, அதற்கடுத்த கூட்டத்தில் அவற்றாலேயே கிண்டிச் சமைத்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். யார் செய்த அகப்பை எந்தச் சட்டியில் கிடக்கிறது என்று யாரும் பார்க்க வேண்டாம்.

 ஜெய்பீம்.