மிஸ்ர் தேசப் பயணம்: புறப்படும் முன் சில சிந்தனைகள்

(அரியக்குடி ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வல்ல அல்லாஹ்வைப் புகழ்ந்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்துச் சொல்லித் தொடங்குகிறேன்.

கடல் கடந்து செல்வது இந்த வட்டாரத்திற்குப் புதிதன்று. செட்டிநாட்டு வீடுகளில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களே அதற்குச் சாட்சி. ஆனால் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சிலோனுக்கும், பின்னர் வளைகுடா நாடுகளுக்கும் சென்றவர்கள் பிழைப்பைத் தேடிச் சென்றார்கள். இன்று நிலைமை சற்று மாறியிருக்கிறது. உம்ராவுடன் எகிப்து, ஜோர்தான், துருக்கி ஆகிய நாடுகளையும் சேர்த்துக் காட்டுவதாகப் பயண நிறுவனங்களின் துண்டறிக்கைகள் வருகின்றன. மிஸ்ர் தேசத்திற்குக் குழுவாகச் சென்று வரலாமா என்று நம்மில் பலரும் கேட்கிறார்கள். தாராளமாகச் செல்லலாம். முந்தைய சமுதாயங்களின் முடிவு என்னவாயிற்று என்பதைப் பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. ஆயினும் அந்தப் பயணத்தின் திட்டம் விமானச் சீட்டிலிருந்து தொடங்கக் கூடாது. நம் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். இதுவே இன்று நான் சொல்ல விரும்பும் செய்தி.

முதலில் கடமை

ஹஜ்ஜுக்குரிய வசதி வந்த பின்னும் அதை நிறைவேற்றாதவர், அந்தப் பணத்தைக் கொண்டு பிரமிடுகளைப் பார்த்து வந்தால், அவர் மீதுள்ள கடமை அப்படியே நிற்கும். வழியில் உம்ரா செய்துவிட்டதால் ஹஜ் நீங்கிவிடாது. எனவே முதற்கேள்வி, "என் ஹஜ் முடிந்துவிட்டதா?" என்பதுதான்.

இரண்டாவது கேள்வி கடன். பிறருக்குத் தர வேண்டியதைத் தராமல், கூட்டத்தோடு கூட்டமாகக் கடன் வாங்கிச் சுற்றுலாப் போவது அறிவுடைமை ஆகாது. மூன்றாவது கேள்வி சற்றுக் கசப்பானது. தந்தை விட்டுச் சென்ற சொத்தில் உடன்பிறந்த சகோதரிக்குச் சேர வேண்டிய பங்கைக் கொடுத்துவிட்டோமா? பாகம் பிரிக்காத வீட்டின் வாடகையை எடுத்துக்கொண்டு ஃபிர்அவ்னின் அநியாயத்தைப் பார்க்கப் போகிறவர், அங்கே என்ன படிப்பினை பெறுவார்? கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்து, வஸிய்யத்தையும் முடித்துவிட்டுப் புறப்படுவதே முன்னோர்கள் காட்டிய வழி.

படித்துவிட்டுச் செல்வோம்

மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் பிறந்த இப்னு பதூதா, 1325-ஆம் ஆண்டு ஹஜ்ஜை நாடிப் புறப்பட்டவர். 1326-இல் அலெக்சாந்திரியாவின் புகழ்பெற்ற கலங்கரை விளக்கத்தைப் பார்த்து, அதன் ஒரு பக்கம் இடிந்திருந்ததைக் குறித்தார். 1349-இல் மீண்டும் வந்தபோது உள்ளே நுழையவே முடியாத அளவுக்கு அது சிதைந்திருந்ததையும் பதிவு செய்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் மஅபர் என்று அரபிகள் அழைத்த நம் தமிழ்க் கரைக்கும், மதுரைக்கும் வந்து சென்றவர். பார்ப்பது மட்டுமன்றி, பார்த்ததை உள்ளபடி சொல்வதும் பயணியின் கடமை என்பதற்கு இது நல்ல முன்மாதிரி.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. கெய்ரோவில் உள்ள எகிப்திய நாகரிகத் தேசிய அருங்காட்சியகத்தில் பதப்படுத்தப்பட்ட அரச உடல்கள் வைக்கப்பட்டுள்ளன. 2021 ஏப்ரல் 3 அன்று 22 உடல்கள் ஊர்வலமாக அங்கே கொண்டுவரப்பட்டன. அவற்றுள் கி.மு. 1279 முதல் 1213 வரை ஆண்ட இரண்டாம் ராமேசஸின் உடலும் உண்டு. "இவன்தான் மூஸா (அலை) அவர்கள் காலத்து ஃபிர்அவ்ன்" என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். சிலர் அவன் மகன் மெர்நெப்தாவைக் காட்டுவார்கள். திருக்குர்ஆன் ஃபிர்அவ்னின் உடல் பின்வருவோருக்கு அத்தாட்சியாகப் பாதுகாக்கப்படும் என்ற கருத்தைக் கூறுகிறதே தவிர, அவனது இயற்பெயரைக் கூறவில்லை. உடலில் உப்பு இருந்ததே கடலில் மூழ்கியதற்கு ஆதாரம் என்றும் சொல்லப்படுகிறது. ஆனால் உடல்களைப் பதப்படுத்தவே எகிப்தியர் நாட்ரான் என்னும் உப்பைத்தான் பயன்படுத்தினார்கள். அல்லாஹ்வின் வேதத்திற்கு நம்முடைய பலவீனமான சான்றுகள் தேவையில்லை. அவ்வளவு அதிகாரம் படைத்தவர்கள் கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கிறார்கள் என்ற ஒன்றே நமக்குப் போதுமான பாடம்.

அதுபோலவே கீஸாவின் பெரிய பிரமிடு கூஃபு மன்னனுக்காக ஏறத்தாழ கி.மு. 2560-இல் கட்டப்பட்டது. இரண்டாம் ராமேசஸுக்கும் அதற்கும் இடையே ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உண்டு. முதலில் சுமார் 146 மீட்டர் உயரம் இருந்தது. இன்று சுமார் 138 மீட்டர். இவற்றைத் தெரிந்துகொண்டு நிற்பவருக்கும், ஒட்டகத்தின் மேல் அமர்ந்து புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புபவருக்கும் வேறுபாடு இருக்கும்.

நம் மண்ணின் தொடர்பு

எகிப்தின் செங்கடல் கரையில் குஸைர் அல்கதீம் என்ற பழைய துறைமுகம் இருக்கிறது. அங்கே தமிழ் பிராமி எழுத்தில் "கணன்", "சாதன்" என்ற பெயர்கள் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. தெற்கே பெரனிகே என்ற துறைமுகத்தில், 1999-இல், பெரிய சாடி ஒன்றினுள் சுமார் ஏழரை கிலோ மிளகு கண்டெடுக்கப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் வணிகர் அங்கே கால் பதித்திருக்கிறார்கள். பிற்காலத்தில் குஸைர், ஹஜ் பயணிகள் கப்பலேறும் துறையாகவும் விளங்கியது.

ஆகவே எகிப்துக்கு முன் நம் மாவட்டத்துக் கீழடியைப் பாருங்கள். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் அங்கே உள்ளது. பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில் உரோமானிய நாணயங்களும் மட்கலன்களும் கிடைத்துள்ளன. இங்குள்ள ஓட்டைப் பார்த்தவருக்குத்தான் அங்குள்ள ஓடு பேசும்.

எங்கே, எப்போது, எப்படி?

கோடையில் லக்ஸர், அஸ்வான் பகுதிகளில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். முதியோருடன் செல்பவர்களுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை உகந்த காலம். எட்டு நாட்களுக்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட எண்ண வேண்டாம்.

கெய்ரோவுக்கு மட்டும் மூன்று நாட்கள் ஒதுக்குங்கள். அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் கி.பி. 642-இல் ஃபுஸ்தாத்தில் எழுப்பிய பள்ளிவாசல், ஆப்பிரிக்கக் கண்டத்தின் முதல் பள்ளிவாசல். 879-இல் முடிக்கப்பட்ட இப்னு தூலூன் பள்ளி, 972-இல் தொழுகைக்குத் திறக்கப்பட்ட அல்அஸ்ஹர், ஹிஜ்ரி 204-இல் மறைந்த இமாம் ஷாஃபி (ரஹ்) அவர்களின் அடக்கத்தலம் ஆகியவையும் அங்கேயே உள்ளன. நம் கடற்கரை ஊர்களில் அந்த இமாமின் மத்ஹபைப் பின்பற்றுவோர் எத்தனையோ பேர்! ஆனால் பல சுற்றுலாத் திட்டங்களில் இவற்றுக்கு அரை நாள்கூட ஒதுக்கப்படுவதில்லை. ஒரு ஜும்ஆ அல்அஸ்ஹரில் அமையுமாறு நாட்களை வகுக்கச் சொல்லுங்கள். கீஸாவுக்கு அருகே 2025 நவம்பரில் முறைப்படி திறக்கப்பட்ட மாபெரும் எகிப்திய அருங்காட்சியகத்திற்கு ஒரு முழு நாள் வேண்டும்.

பணம் கட்டும் முன் தங்குமிடம், உணவு, நுழைவுக் கட்டணம், பயணம் ரத்தானால் திரும்பக் கிடைக்கும் தொகை ஆகிய அனைத்தையும் எழுத்தில் வாங்குங்கள். "நம்ம ஆள்தானே" என்று ரசீது இல்லாமல் கொடுத்த முன்பணம் பல ஊர்களில் பகையாக முடிந்திருக்கிறது. பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதங்கள் செல்லுபடியாக வேண்டும். மருந்துகளை மருத்துவர் சீட்டுடன் மட்டும் எடுத்துச் செல்லுங்கள். டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் அங்கே கடும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அக்கம்பக்கத்தார் தரும் பொட்டலங்களை வாங்க வேண்டாம். கஸ்ரு தொழுகை, பெண்களின் பயணம் பற்றிய சட்டங்களில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு இருப்பதால், முன்கூட்டியே ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள்

குழுவாகச் செல்ல விரும்புவோர் பணம் கட்டும் முன், மஃரிபுக்குப் பின் நான்கு வாரங்கள் கூடி, யூசுஃப் (அலை), மூஸா (அலை) ஆகியோரின் வரலாற்றையும் மிஸ்ரின் வரலாற்றையும் படிக்க வேண்டும். மதரஸாப் பிள்ளைகளைக் கீழடிக்கு அழைத்துச் செல்ல ஜமாஅத் ஒரு நாள் ஏற்பாடு செய்ய வேண்டும். வெளிநாடு போக வசதியில்லாத வீட்டுப் பிள்ளையும் அன்று ஒரு பயணியாகும். திரும்பி வருவோர் தாங்கள் கண்டதை இந்த ஆண்டு மலரில் எழுத வேண்டும்.

கடனில்லாத கையோடும், தெளிந்த அறிவோடும், படிப்பினை பெறும் உள்ளத்தோடும் பயணம் செய்யும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.