தேன்சிட்டும் வாண்டாவும்



மலரின் முன்னே காற்றில் நின்றபடியே தேனருந்தும் ரீங்காரச் சிட்டைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட அக்குடும்பம் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. அதன் தொழிலை நம் நாட்டில் செய்வது தேன்சிட்டு. பலாவும் முந்திரியும் செழிக்கும் காடாம்புலியூர்ப் பக்கத்தில் அதனைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஊதாத் தேன்சிட்டின் ஆண், தொலைவிலே கரியது. வெயில் பட்டாலோ நீலமும் ஊதாவுமாய் மின்னும். அது பெரும்பாலும் கிளையில் அமர்ந்தே தேன் உண்ணும். பெண் சிட்டு சிலந்தி நூலால் நாரையும் சருகையும் பிணைத்துக் கூட்டைத் தொங்கவிடும்.

அதே கிளையில் மற்றொரு குடியும் இருக்கலாம். அதுதான் வாண்டா என்னும் ஆர்க்கிட் செடி. தமிழகத்துச் சமவெளியில் மா முதலிய முதிர்ந்த மரங்களில் இது வளரும். இதன் இதழ்களிலே பழுப்புக் கட்டங்கள் ஓடும். ‘டெஸ்ஸலேட்டா’ என்ற இலத்தீன் அடைமொழிக்குக் கட்டமிட்டது என்பதே பொருள்.

இச்செடியைப் புல்லுருவி என எண்ணி அறுத்தெறிவோர் உண்டு. அது தவறு. புல்லுருவி கிளைக்குள் வேரைச் செலுத்தி மரத்தின் சாற்றை உறிஞ்சுவது. வாண்டாவின் வேரோ பட்டையின் மேலே படர்ந்து, மழைநீரையும் பனியையும் பஞ்சுபோல் ஏற்பது. மரத்திடம் அது கேட்பது இடம் ஒன்றே. வியப்பு என்னவெனில், தேன்சிட்டு மகரந்தம் சுமந்து உதவுவது அந்தப் புல்லுருவியின் பூவுக்கு!

இவ்விரு குடிகளுள் எதற்கு நம் காவல் மிகுதியும் வேண்டும்? முதிய மரமொன்று வீழ்ந்தால் தேன்சிட்டு பறந்து சென்று வேறு கிளையில் கூடு கட்டும். முட்டை பொரிந்து குஞ்சு பறக்க ஏறத்தாழ ஒரு மாதம் போதும். வாண்டாவின் நிலை வேறு. அதன் ஒரு காயில் தூசு போன்ற விதைகள் ஆயிரக்கணக்கில் இருப்பினும், அவற்றில் உணவுச் சேமிப்பு இல்லை. உரிய பூஞ்சையின் துணை கிட்டினாலன்றி விதை வளராது. வளர்ந்தாலும் பூக்கப் பல ஆண்டுகள் செல்லும்.

ஆதலின், அரிவாளை ஓங்குமுன் வேரைப் பாருங்கள். வேர் கிளைக்குள் புகுந்திருந்தால் புல்லுருவி; பட்டைமேல் படர்ந்திருந்தால் வாண்டா. வெட்டுண்ட மரத்தில் வாண்டாவைக் கண்டால், வேர் முறியாமல் எடுத்து, அருகிலுள்ள மரத்தில் நாரால் கட்டிவிடுங்கள். சிறகுள்ளது தானே பிழைத்துக் கொள்ளும். சிறகில்லாததற்கு உங்கள் கைகளே சிறகாகட்டும்.