பொம்மை டாங்கியும் கடற்பேயும்

(காரைக்காலில் வாசகசாலைக் கூட்டமொன்றில் பேசியது)



இவ்வூர் வாலிபர்கள் சிலர் ஓய்வு நேரத்தில் பொம்மை டாங்கிகளை ஒட்டி வர்ணம் பூசுகிறார்களென்றும், வேறு சிலர் பழைய ருஷ்ய விஞ்ஞானக் கதைகளைத் தமிழாக்கிப் பார்க்கிறார்களென்றும், இரண்டையும் பெரியவர்கள் "வயிற்றுக்கு உதவாத வேலை" என்று பரிகாசம் செய்கிறார்களென்றும் கேள்விப்பட்டேன். சாயங்காலமானால் சாராயக்கடை வாசலில் நிற்பது மாத்திரம் வயிற்றுக்கு உதவுகிற வேலையா என்று கேட்கின்றேன். அதை இந்தக் காரைக்காலில் யாரும் பரிகாசம் செய்யக் காணோம்!

முதலில் டாங்கி சங்கதி. டி-34 என்னும் ருஷ்ய டாங்கியின் உடல் ஏறக்குறைய 6 மீட்டர் நீளம். 35-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஒரு சாணுக்கும் குறைவாகிவிடுகிறது. அதற்குப் பச்சை வர்ணம் பூசி, கறுப்பை நீர்க்கக் கரைத்து இடுக்குகளில் ஓடவிட்டு, காய்ந்த தூரிகையால் ஓரங்களைத் தேய்த்துச் சேறும் துருவும் ஏறியதுபோல் செய்கிறார்கள். கண்ணுக்கும் கைக்கும் நல்ல பயிற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மெய்யான டாங்கிக்குள் நான்கு மனிதர் உட்கார்ந்திருந்தார்கள். குண்டு பட்டால் வெளியே வருமுன் வெந்து போனவர் பலர். வர்ணம் பூசுகிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? ஜெர்மன் டாங்கி அழகாயிருக்கிறதென்று அதையே தேடி வாங்குகிறவர்களும் உண்டு. வாங்கட்டும். அது எந்த ஊருக்குள் நுழைந்தது, அங்கே என்ன செய்தது என்பதையும் சேர்த்து வாங்கவேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

அப்படி அந்தச் சைனியம் நுழைந்த ஊர்களில் ஒன்று லெனின்கிராடுக்குப் பக்கத்திலுள்ள புஷ்கின். 1941 செப்டம்பரில் அதைப் பிடித்தார்கள். அங்கே அலெக்சாந்தர் பெல்யாயெவ் என்ற நோயாளி எழுத்தாளர் ஒருவர் இருந்தார். 1942 ஜனவரியில் குளிரிலும் பட்டினியிலும் மாண்டார். நம் வாலிபர்கள் மொழிபெயர்க்க எடுத்திருக்கும் கதை இவருடையதுதான். ஆகவே, ஒரே வாசகசாலையில் ஒரு மேஜையில் டாங்கியும் மற்றொரு மேஜையில் இந்தக் கதையும் இருக்குமானால், இரு மேஜைக்காரர்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது நலம்.

பெல்யாயெவ் 1884-இல் ஒரு பாதிரியாரின் மகனாய்ப் பிறந்தவர். வேதபாடசாலையில் படித்து, நாஸ்திகராய் வெளியே வந்தார். (அங்கே போய் அப்படி வெளிவந்தவர்கள் உலகத்தில் நிரம்பப்பேர்!) பிறகு முதுகெலும்பில் க்ஷயரோகம் கண்டு கால்கள் செயலற்று, பல வருஷம் படுக்கையில் கிடந்தார். சும்மா கிடக்கவில்லை, பாஷைகளும் வைத்தியமும் படித்தார். உடம்பின்றித் தலை மட்டும் உயிரோடிருப்பதைப்பற்றி 1925-இல் அவர் எழுதிய கதைக்கு இந்தப் படுக்கையே மூலதனம்.

1928-இல் வெளிவந்த "நீரிலும் நிலத்திலும் வாழும் மனிதன்" என்ற கதை, நம் போன்ற கடற்கரைக்காரர்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கின்றது. ஒரு வைத்தியர் சாகக்கிடந்த குழந்தைக்குச் சுறாவின் செவுளைப் பொருத்திப் பிழைக்க வைக்கிறார். வளர்ந்த பையன் கடலுக்குள் திரிவதைக் கண்டு முத்துக் குளிப்பவர்கள் "கடற்பேய்" என்று அலறுகிறார்கள். படகு முதலாளியோ பயப்படவில்லை! பேயைப் பிடித்தால் முத்து எடுக்க வைக்கலாமே என்று கணக்குப் போடுகிறான். கடைசியில் வைத்தியர் கோர்ட்டில் நிறுத்தப்படுகிறார். தெய்வ சிருஷ்டியைக் கெடுத்தாரென்று குற்றம் சாட்டத் தூண்டுகிறவர் மேற்றிராணியார். பேய், முதலாளி, குரு ஆகிய மூன்று பேரையும் ஒரே கதையில் பார்த்துவிடலாம். இதையெல்லாம் நம்பு என்று ஆசிரியர் நம்மைக் கேட்பதில்லை. கதை என்று சொல்லியே கதை சொல்கிறார். வெறுங்கையில் மாம்பழம் வந்த கதைக்கு வருஷாவருஷம் திருவிழா எடுக்கும் இந்த ஊரில் அந்த வித்தியாசத்தை நான் விளக்கவேண்டியதில்லை.

"பிரசாரம் கிடக்கக் கதை எதற்கு?" என்று நம்மவரே சிலர் கேட்கிறார்கள். 1930-களில் சிங்காரவேலர் "குடி அரசு"வில் விஞ்ஞானம் எழுதியபோது, அது பிரசாரமா, பாடமா என்று எவரும் அளந்து பார்க்கவில்லை. மாஸ்கோவிலிருந்து பூ. சோமசுந்தரம் போன்றவர்கள் தமிழாக்கிய புத்தகங்கள் குறைந்த விலைக்கு நம் கிராமங்கள் வரை வந்தன. 1991-இல் சோவியத் அரசு கலைந்தபோது அந்த வரத்தும் நின்றது. இனி யாரோ அச்சடித்து அனுப்புவார்களென்று காத்திருப்பதில் பிரயோஜனமில்லை.

மொழிபெயர்க்கும் தோழர்களுக்கு இரண்டொரு வார்த்தை. அகராதியைப் பார்த்து "மீனின் சுவாச உறுப்பு" என்று எழுதாதீர்கள். மீன் விற்கும் அம்மாளைக் கேளுங்கள், செவுள் என்பார். அந்த அம்மாளின் மகளுக்கும் மேஜையில் ஓரிடம் போடுங்கள். ஆண்பிள்ளை கதை எழுத, வீட்டுப் பெண்கள் பாத்திரம் தேய்ப்பதற்குப் பெயர் ஓய்வல்ல.

உரிமையைப்பற்றியும் ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருஷத்தோடு அவர் உரிமை முடிகிறது. பெல்யாயெவுக்கு 2002-உடன் முடிந்துவிட்டது. ருஷ்ய மூலத்திலிருந்து செய்தால் யாருடைய அனுமதியும் வேண்டாம். இங்கிலீஷ் மொழிபெயர்ப்பிலிருந்து செய்வதானால் அந்த மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை உண்டு. முதலில் அதைப் பார்த்துக்கொண்டு பேனாவை எடுங்கள்.