தற்குறியும் கைரேகையும்



எழுத்தறியாதவர் ஆவணத்தில் இடும் அடையாளத்திற்குத் தமிழில் தற்குறி என்று பெயர். தன் கையால் தானே இடும் குறி என்பது அதன் பொருள். நாளடைவில் அச்சொல் கல்லாதவரைச் சுட்டும் வசைச்சொல்லாயிற்று. கைநாட்டு என்னும் சொல்லுக்கும் அதே கதி நேர்ந்தது. ஆயினும் இவ்விரு சொற்களுக்குள்ளும் ஓர் இசைவு உறைந்திருக்கிறது. பத்திரம் படித்துக் காட்டப்பட்டது, கேட்டவர் ஒப்பினார், விரலை ஒற்றினார். காவல் துறையின் கைக்குச் சென்றபோது அக்குறி இசைவை இழந்தது. ஒப்பி இட்டது போய், கேட்டுப் பறிப்பது வந்தது. நெருக்கடி என்னும் சொல் அந்த மாற்றத்திற்கு எவ்வாறு துணை நின்றது என்பதைத் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. அவ்வரலாற்றில் தமிழர் பங்கு சிறிதன்று.

1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, ஒப்பந்தக்காரர் ஒருவரின் உள்ளங்கைப் பதிவை ஒப்பந்தத்தாளில் வாங்கினார். அப்போது அது வாக்குறுதிக்கு வலுவூட்டும் முத்திரையாகவே இருந்தது. பின்னர் வங்காளக் காவல் துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் கீழ் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இருவர் உழைத்து, ரேகைகளை வகைப்படுத்தித் தேடியெடுக்கும் முறையை உருவாக்கினர். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் அமைந்தது. முறை ஹென்றியின் பெயராலேயே வழங்கலாயிற்று. அந்த ஹென்றியே 1900இல், போயர் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா நகரங்களின் காவல் படையை ஒழுங்குபடுத்த அனுப்பப்பட்டார்.

போர் 1902 மே மாதம் முடிந்தது. அவ்வாண்டே டிரான்ஸ்வாலில் அமைதிக் காப்புச் சட்டம் ஒன்று பிறந்தது. போருக்குப் பிந்தைய குழப்பத்தில், நாட்டின் அமைதிக்குக் கேடு விளைவிப்போர் நுழையாதிருக்க அனுமதிச் சீட்டு முறையை அது ஏற்படுத்தியது. நோக்கம் அதுவாயினும், அதன் கூர்முனை நாளடைவில் இந்தியர் மீதே திரும்பிற்று. போருக்கு முன்பு அங்கு வாழ்ந்து, போரினால் வெளியேறியவர்கள் தம் வீட்டிற்கும் கடைக்கும் திரும்பச் சீட்டுக் கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. 1903இல் ஆளுநர் மில்னர் பிரபு, ஒருமுறை பதிவு செய்துகொண்டால் மீண்டும் பதிய வேண்டியதில்லை என்று இந்தியருக்கு உறுதி கூறினார். அச்சொல்லை நம்பிப் பலர் பதிந்துகொண்டனர்.

மூன்றே ஆண்டுகளில் அந்த உறுதி காற்றில் போயிற்று. 1906 ஆகஸ்டில் வெளியான ஆசியர் சட்டத் திருத்த வரைவு, எட்டு வயது முதற்கொண்டு ஒவ்வோர் இந்தியரும் புதிதாகப் பதிந்துகொள்ள வேண்டும் என்றது. பத்து விரல்களின் ரேகையும் தரவேண்டும். காவலர் கேட்கும் இடத்தில் சான்றிதழைக் காட்டவேண்டும். அதற்காகக் காவலர் வீட்டினுள்ளும் நுழையலாம். காந்தியடிகள் ஹென்றியின் நூலைத் தேடிப் படித்தார். சட்டத்தின் வற்புறுத்தலால் ரேகை தருவோர் குற்றவாளிகள் மட்டுமே என்பதை அதிலிருந்து அறிந்தார். ஒரு குலம் முழுவதையும் குற்றப்பட்டியலில் நிறுத்தும் சட்டம் இது என்பது அவருக்குத் தெளிவாயிற்று. 1906 செப்டம்பர் 11ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க் எம்பயர் நாடக அரங்கில் கூடிய இந்தியர், சட்டத்திற்குப் பணிவதில்லை என்று இறைவனைச் சாட்சி வைத்து உறுதி பூண்டனர். 1907இல் சில மாற்றங்களுடன் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு நவம்பர் இறுதிவரை பதிந்துகொண்டோர், சுமார் 13,000 இந்தியருள் 511 பேர் மட்டுமே.

இதன் பின் நிகழ்ந்ததே ஆழ்ந்து எண்ணத்தக்கது. 1908 ஜனவரியில் சிறையிலிருந்த காந்தியடிகளுக்கும் ஜெனரல் ஸ்மட்ஸுக்கும் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியர் தாமாகவே முன்வந்து பதிந்துகொள்வர். வற்புறுத்தும் சட்டம் நீக்கப்படும் என்பதே இந்தியர் கொண்ட பொருள். கற்றவர்க்கும் சொத்துடையவர்க்கும் ரேகைக்கு மாற்றாகக் கையொப்பம் இடச் சலுகை இருந்தது. காந்தியடிகள் அச்சலுகையைக் கொள்ளவில்லை. எழுதத் தெரியாத ஏழையின் பக்கம் நின்று பத்து விரல்களையும் பதிக்க முடிவு செய்தார்.

பிப்ரவரி 10ஆம் நாள் பதிவு அலுவலகத்திற்குச் செல்லும் வழியில் மீர் ஆலம் என்னும் பட்டாணியர் அவரைத் தடியால் தாக்கினார். உடன் சென்ற தம்பி நாயுடுவும் அடிபட்டார். ரேகை தருவது இழிவு என்று நேற்றுவரை முழங்கியவரே இன்று முதல் ஆளாய்த் தரப்போவது எப்படி என்பது மீர் ஆலத்தின் கேள்வி. அவருடைய தடியை எவரும் ஏற்கார். கேள்வியைத் தள்ளிவிட இயலாது. வற்புறுத்தலுக்குப் பணிந்து தருவது அடிமைத்தனம், மனம் இசைந்து தருவது நாகரிகம் என்பது காந்தியடிகளின் விடை. தற்குறி என்னும் தமிழ்ச் சொல்லின் பழம்பொருளும் ஏறக்குறைய அதுவே.

ஆனால் இசைவு இருபுறமும் காக்கப்படவேண்டிய ஒன்று. சட்டம் நீக்கப்படவில்லை; அப்படி வாக்களிக்கவே இல்லை என்றார் ஸ்மட்ஸ். 1908 ஆகஸ்ட் 16ஆம் நாள் ஹமீதியா மசூதித் திடலில் பெரிய இரும்புக் கொப்பரையில் 2,000க்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் எரிக்கப்பட்டன. மீர் ஆலமும் அங்கு வந்து, தாக்கியது தவறென்று கூறித் தம் பழைய சான்றிதழையும் நெருப்பில் இடத் தந்தார். எரிந்தவை மக்கள் கையிலிருந்த தாள்கள். பதிவாளர் அலுவலகத்துப் பேரேடு எரியவில்லை. சான்றிதழைத் திருப்பித் தரலாம். கொடுத்த ரேகையைத் திரும்பப் பெற வழியில்லை.

அந்தப் போராட்டம் தமிழர் உயிரையும் வாங்கியது. சாமி நாகப்பன் என்னும் 18 வயது இளைஞர் சிறைக் குளிரில் நோயுற்று, விடுதலையான சில நாட்களில் 1909 ஜூலை 6ஆம் நாள் இறந்தார். நாடு கடத்தப்பட்டுக் கரையிறங்க இடம் பெறாமல் கப்பலில் அலைந்த நாராயணசாமி, 1910 அக்டோபரில் டெலகோவா விரிகுடாவில் உயிர்நீத்தார்.

நெருக்கடி தீர்ந்தபின்னும் அதன் சட்டம் நிலைப்பது அக்காலத்தோடு முடிந்த செய்தியன்று. 2020 மார்ச்சில் பெருந்தொற்றின்போது பிரிட்டன் இயற்றிய கொரோனா வைரஸ் சட்டத்தின் 24ஆம் பிரிவு, நாட்டின் பாதுகாப்பிற்காகக் காவல் துறை வைத்திருக்கும் கைரேகை, மரபணுப் பதிவுகளின் காலக்கெடுவை நீட்டிக்க அமைச்சருக்கு அதிகாரம் அளித்தது. நோயால் ஆள் குறைந்து, பதிவுகளை உரிய காலத்தில் ஆய்ந்து முடிக்க இயலாது போகலாம் என்பது காரணம். அக்காரணத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் காவலரின் பணிச்சுமைக்காக நீண்டது, பதிவிற்கு உரியவர் காத்திருக்கும் காலம். இந்தியாவிலோ 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2022இல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், விரல் ரேகையோடு கருவிழி, விழித்திரைப் பதிவுகளையும் உடற்கூறு மாதிரிகளையும் சேர்த்தது. பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். விடுவிக்கப்பட்டோரின் பதிவை அழிக்க அதில் விதி உண்டு; நீதிமன்றம் வேறாக ஆணையிடின் அதுவும் இல்லை. இருபது வயதில் பிடிபட்டவரின் ரேகை அவருடைய தொண்ணூற்றைந்தாம் வயது வரை ஏட்டில் இருக்கக்கூடும்.

குற்றத்தைத் துப்பறிய ரேகை உதவுகிறது. குற்றமற்றவரை விடுவிக்கவும் உதவியிருக்கிறது. ஆகவே வேண்டுவது, கருவியை வெறுப்பது அன்று. ஒவ்வொரு நெருக்கடிச் சட்டத்திடமும் சில கேள்விகளைக் கேட்பது. எடுப்பவர் யார்? எத்தனை நாள் வைப்பார்? அழிக்க ஆணையிடுபவர் யார்? சட்டம் முடியும் நாள் சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளதா? 1902இல் டிரான்ஸ்வால் இந்தியர் இவற்றைக் கேட்கும் நிலையில் இல்லை; கேட்கத் தொடங்கியபோது சிறை திறந்திருந்தது.

தற்குறி என்னும் சொல்லை வசையாகவே வழங்கிவரும் தமிழ், அதன் முதற்பொருளையும் நினைவில் வைத்திருப்பது நன்று. சொல்லின் பொருளைக் காப்பது கவிஞர் தொழில். தன் குறியைத் தானே இடும் உரிமை, எழுதத் தெரிந்தவர்க்கும் தெரியாதவர்க்கும் பொது.