கிழங்கு உணவும் நரம்பு நலமும்

திருவிதாங்கூரில் மரவள்ளிக்கிழங்குச் சாகுபடி பரவ ஊக்கமளித்தவர், 1880 முதல் 1885 வரை ஆட்சி புரிந்த விசாகம் திருநாள் மகாராஜா ஆவார். 1942இல் பர்மா அரிசி வரத்து நின்றபோது ஏழை எளியோரின் பசியை ஆற்றியதும் இக்கிழங்கே. மலையாளத்தில் ‘கப்ப’ என்றும், குமரி மாவட்டத்தில் ‘மரச்சீனி’ என்றும் இது வழங்கப்பெறுகிறது. இது போன்ற பயிர்களை ஆராய்வதற்கென 1963இல் திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது.

பசி தீர்த்த இக்கிழங்கு, வெப்பமண்டல நரம்பு நோய் ஒன்றோடும் தொடர்புபடுத்தப்பட்டுள்ளது. முதலில் பாதங்களில் எரிச்சலும் மரமரப்பும் தோன்றும்; பின்னர் நடை தள்ளாடும்; சிலருக்குப் பார்வையும் செவிப்புலனும் மங்கும். நைஜீரியாவில் மருத்துவ அறிஞர் ஒசுண்டோகுன் 1960களில் இந்நோயை விரிவாக ஆராய்ந்தார். கேரள நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2008இல் வெளியாயிற்று. கிழங்கை முதன்மை உணவாகக் கொண்டு, புரதம் போதாமல் வாழ்ந்த வறியவர்களிடையே இந்நோய் காணப்பட்டது.

கிழங்கிலுள்ள லினமாரின் என்னும் பொருள், திசுக்கள் சிதையும்போது நொதியின் செயலால் சிதைந்து சயனைடை வெளியிடுகிறது. சிறிதளவு சயனைடு உட்சென்றால், உடல் அதனைக் கந்தகத்தின் துணையால் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீர் வழியே வெளியேற்றிவிடும். இதற்கு வேண்டிய கந்தகம் மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றின் புரதத்திலிருந்து கிடைக்கிறது. புரதம் குறையின் இக்காப்பும் குறைகிறது. பி வகை வைட்டமின்களின் பற்றாக்குறையும் இந்நோய்க்குத் துணைக் காரணமாகலாம் என்பர்.

வறுமையும் கிழங்கும் கூடினால் விளையும் கேட்டிற்கு ஆப்பிரிக்கா மற்றோர் எடுத்துக்காட்டாகும். 1981இல் மொசாம்பிக் நாட்டில் கடும் வறட்சியின்போது, போதிய அளவு பதப்படுத்தாத கசப்புக் கிழங்கை உண்டவர்களுள் 1,100க்கும் மேற்பட்டோர் திடீரெனக் கால் முடங்கினர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. கொன்சோ எனப்படும் இந்நோய் முன்னதினும் வேறானது. எனினும், சயனைடும் புரதக் குறைவும் இதிலும் இணைந்துள்ளன.

தடுக்கும் வழி எளியது. கிழங்கைச் சிறு துண்டுகளாக்கி, மிகுந்த நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட வேண்டும். சுடுவதாலும் ஆவியில் அவிப்பதாலும் சயனைடு அவ்வளவாக நீங்குவதில்லை. கிழங்கை வேகவைத்து வடித்து, மீன் குழம்போடு உண்ணும் கேரள வழக்கம் அறிவியலுக்கு இசைந்ததே. மீன் வாங்க இயலாத வீட்டில்தான் ஆபத்து மிகுதி.

எனவே, கிழங்கைக் கைவிடச் சொல்வது தீர்வாகாது. சயனைடு குறைந்த இரகங்களைப் பரப்பும் வேளாண் அலுவலரும், பருப்பும் முட்டையும் ஏழைகளுக்குக் கிடைக்கச் செய்யும் உணவுத் திட்ட அலுவலரும் இணைந்து செயற்படுதல் வேண்டும். நரம்பு பழுதுற்றபின் முழு நலம் பெறுதல் அரிதாகையால், வருமுன் காப்பதே இங்குத் தலையாய மருத்துவமாகும்.